நீலகிரியின் பழைய பங்களாவில் அலுவலகம் போட: ஒப்பந்தத்திலிருந்து முதல் மழைக்காலம் வரை

குன்னூர், கோத்தகிரி, ஊட்டிப் பக்கம் நூறு வருடம் தாண்டிய பங்களாக்கள் வாடகைக்கு வருகின்றன. கனத்த கல்சுவர், மரத்தரை, அறைக்கொரு கணப்பு (குளிர்காய விறகு எரிக்கும் சுவரடுப்பு) என்று பார்த்ததும் ஆசை வரும். அலுவலகம் நடத்த அவை நல்ல இடங்கள்தான். ஆனால் கோயம்புத்தூரில் ஆபீஸ் போடுகிற பழக்கத்தில் ஃபால்ஸ் சீலிங், சுவர்ப் பேனல், கார்ப்பெட் என்று இங்கேயும் தொடங்கினால், முதல் மழைக்காலத்திலேயே பேனலின் பின்பக்கம் கறுத்துவிடும். அறை மக்கிப்போன வாடை அடிக்கும். உள்ளே உட்காருகிறவர்கள் தும்ம ஆரம்பிப்பார்கள்.

மலையில் வரிசை வேறு. முதலில் தண்ணீர், அப்புறம் காற்று, பிறகு மின்சாரமும் சூடும், கடைசியில்தான் மேசை நாற்காலி. காகிதம், அனுமதி, சோதனை முடிந்த பிறகு இந்த வழிகாட்டியும் ஏறக்குறைய அதே வரிசையில்தான் போகிறது. எந்த வேலையைத் தொடங்கும் முன்பும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: நாளை இதைக் கழற்றினால் கட்டடம் பழையபடி இருக்குமா? இருக்காது என்றால் வேறு வழி தேடுங்கள்.

1. அட்வான்ஸ் கொடுக்கும் முன் கேட்க வேண்டிய காகிதங்கள்

பட்டா அல்லது நகர நில அளவைப் பதிவேட்டின் நகல், குறைந்தது 30 வருட வில்லங்கச் சான்று, கடைசி சொத்து வரி ரசீது, தண்ணீர் வரி ரசீது, மின் இணைப்பு எண்ணும் அதன் கட்டண வகையும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் அட்வான்ஸ் வேண்டாம்.

பழைய பங்களாக்களில் பெரும்பாலும் சிக்கல் வாரிசுகளிடம் இருக்கிறது. சாவி வைத்திருப்பவர் ஒருவர், பத்திரத்தில் நாலு பேர், அதில் இருவர் வெளிநாட்டில். கையெழுத்துப் போடுகிறவரிடம் மற்ற எல்லோருடைய அதிகாரப் பத்திரமும் இருக்கிறதா, அதில் வாடகைக்கு விடவும் வேலை செய்ய அனுமதிக்கவும் அதிகாரம் எழுதியிருக்கிறதா என்று வரி வரியாகப் படியுங்கள். கூடலூர், பந்தலூர் பக்கம் என்றால் இடம் 1969ஆம் ஆண்டு ஜென்மம் ஒழிப்புச் சட்டத்தின் 17வது பிரிவில் (பழைய ஜென்மி நிலக் குத்தகைகளைப் பற்றிய பிரிவு) மாட்டியிருக்கிறதா என்றும் விசாரியுங்கள். மாட்டியிருந்தால் மின் இணைப்பிலிருந்தே தகராறு தொடங்கும். வெலிங்டன் கன்டோன்மென்ட் (ராணுவக் குடியிருப்பு) எல்லைக்குள் அனுமதி தருவது நகராட்சி இல்லை, கன்டோன்மென்ட் போர்டு. அங்கே ஓல்ட் கிராண்ட் (ஆங்கிலேயர் காலத்துப் பழைய மானியம்) வகை பங்களா என்றால் நிலம் அரசுடையது, பயன்பாட்டை மாற்றுவது எளிதில்லை.

ஒப்பந்தம் ஐந்து வருடத்துக்குக் குறையக்கூடாது. அதற்குக் குறைந்தால் கூரைக்கும் சுவருக்கும் நீங்கள் செலவழிக்கிற பணம் திரும்பாது. ஒப்பந்தத்தில் நான்கு விஷயங்கள் கட்டாயம் இருக்கட்டும்:

- வேலை நடக்கும் மாதங்களுக்கு வாடகை இல்லை. நான்கு மாதம் கேளுங்கள், மூன்று கிடைக்கும்.
- கூரை, வெளிச்சுவர், வடிகால் பழுது யார் செலவு.
- காலி செய்யும்போது எதைக் கழற்றிப் போகலாம், எது அங்கேயே இருக்கும்.
- அறைவாரியாகப் படம் எடுத்த இருப்புப் பட்டியல் இணைப்பாக. கதவுக் கைப்பிடி, கணப்பின் இரும்புத் தட்டு, கண்ணாடி வரை.

ஐந்து வருடக் குத்தகையைப் பதிவு செய்தே ஆக வேண்டும். முத்திரைத் தீர்வை, ஒப்பந்தக் காலம் முழுவதற்குமான வாடகையையும் முன்பணத்தையும் கூட்டிய தொகையில் 1 சதவீதம். பதிவுக் கட்டணமும் 1 சதவீதம், உச்சவரம்பு 20,000 ரூபாய். மாதம் 60,000 வாடகை, 6 லட்சம் முன்பணம் என்றால் மொத்தம் 42 லட்சம், தீர்வை 42,000, பதிவு 20,000. போவதற்கு முன் சார்பதிவாளர் அலுவலகத்தில் நடப்பு விகிதத்தைக் கேட்டுவிடுங்கள். 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தத்தை 90 நாளுக்குள் வாடகை அதிகாரியிடமும் பதிய வேண்டும். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். தகராறு வரும்போதுதான் இதன் அருமை தெரியும்.

வாடகைக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். உரிமையாளர் ஜிஎஸ்டி பதிவு இல்லாதவர், நீங்கள் பதிவு பெற்றவர் என்றால், 2024 அக்டோபர் 10 முதல் அந்த வரியை நீங்களே நேராகக் கட்ட வேண்டும். உள்ளீட்டு வரியாக எடுக்க, அதாவது நீங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ள, முடியாதவர்கள் இதை வாடகையோடு சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

2. எந்த வேலைக்கு எந்த அனுமதி

வீடாகப் பதிவான கட்டடத்தை அலுவலகமாக்குவது பயன்பாட்டு மாற்றம். நகரின் முழுமைத் திட்டத்தில் (மாஸ்டர் பிளான்) அந்த சர்வே எண் எந்த மண்டலத்தில் வருகிறது என்று நகர ஊரமைப்பு அலுவலகத்தில் முதலில் எழுதி வாங்குங்கள். "இங்கே எல்லோரும் இப்படித்தான் நடத்துறாங்க" என்று தரகர் சொல்வார். வீட்டுக்கு அனுமதி வாங்கி வணிகத்துக்குப் பயன்படுத்திய கட்டடங்களுக்கு இந்த மாவட்டத்தில் சீல் வைத்திருக்கிறார்கள் என்பதை அவருக்கு நினைவூட்டுங்கள்.

உள்வேலை மட்டும் என்றால் பாதை லேசு. பெயின்ட், வயரிங், தரைப்பலகை மாற்றுவது, அதே அளவில் ஓடு மாற்றுவது இவற்றுக்கு நகராட்சிக்கு ஒரு தகவல் கடிதமும் உரிமையாளரின் சம்மதக் கடிதமும் கொடுத்து, கொடுத்ததற்கு முத்திரை வாங்கி வையுங்கள். கட்டடத்தின் வெளி வடிவத்தை, அதாவது வெளிக்கோட்டைத் தொட்டால் கதை மாறும். ஜன்னலை அகலப்படுத்துவது, கூரையை உயர்த்துவது, பின்னால் கழிப்பறை சேர்ப்பது எல்லாம் மலைப்பகுதிக் கட்டட விதிகளுக்குள் வருகின்றன. 7 மீட்டர் உயர வரம்பு, கட்டடக்கலை அழகியல் குழு, ஹாக்கா எனப்படும் மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையம் என்று கோப்பு நகரும். எத்தனை மாதம் ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே வெளிக்கோட்டைத் தொடாமல் திட்டம் போடுவதே புத்திசாலித்தனம்.

முற்றத்தில் நிற்கும் மரம் கூரை மேல் சாய்கிறதா? 1955ஆம் ஆண்டு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி இல்லாமல் வெட்டக்கூடாது. சொந்த நிலத்தில் உள்ள மரமானாலும் சரி. பொக்லைன் கொண்டு மண் எடுக்கவும் போர் போடவும் மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். ரயில் பாதையை ஒட்டிய இடம் என்றால் ரயில்வேயிடமும் தடையின்மைச் சான்று கேட்பார்கள்.

3. எந்த மாதத்தில் தொடங்குவது

கட்டடத்தை மழையில் பாருங்கள், வெயிலில் வேலை செய்யுங்கள். தென்மேற்குப் பருவமழை ஊட்டி, கூடலூர் பக்கத்தை அடிக்கும். வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரியைப் போட்டுத் தாக்கும். எந்தச் சரிவில் உங்கள் பங்களா இருக்கிறதோ அந்த மழையில் ஒருமுறை உள்ளே நின்று பார்த்தால், ஏப்ரலில் பத்து முறை பார்த்தாலும் தெரியாதது தெரியும். ஏப்ரலில் காட்டப்படும் வீடு எல்லாமே நல்ல வீடுதான்.

ஊட்டியில் டிசம்பர் முதல் பிப்ரவரி தொடக்கம் வரை உறைபனி. பச்சைச் சுண்ணாம்புப் பூச்சில் உள்ள நீர் உறைந்தால் பூச்சு பொடியாக உதிரும். ஆகவே சுண்ணாம்பு வேலைக்கு பிப்ரவரி நடுவிலிருந்து மே நடுவரைதான் காலம். கூரையை அதற்கு முன்பே, ஜனவரியில் தொடங்கலாம். ஏப்ரல், மே சீசனில் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறுவது குன்னூர் வழி, இறங்குவது கோத்தகிரி வழி என்று ஒருவழிப் பாதை ஆக்குவார்கள். வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். மணல், சுண்ணாம்பு, கண்ணாடி, ஒயர் எல்லாம் மார்ச் முடிவதற்குள் மேலே வந்து சேர்ந்துவிட வேண்டும்.

4. ஒரு நாள் சோதனை

இரண்டு முனை ஊசி வைத்த ஈரமானி ஒன்று, நல்ல டார்ச், ஏணி, உளி. கூடவே ஓர் ஆசாரி. இவ்வளவு போதும்.

மச்சுக்குள் (கூரைக்கு அடியில் உள்ள பரண்) ஏறிப் பகலில் விளக்கை அணைத்துப் பாருங்கள். வெளிச்சம் தெரியும் இடமெல்லாம் ஓடு நகர்ந்த இடம். குரங்குகள் தினமும் இதைச் செய்துகொண்டிருக்கும். ஓடுகளைத் தாங்கும் கைமரம் சுவரில் உட்காரும் முனைகளில் ஊசியைக் குத்துங்கள். மரத்தில் ஈரம் 20 சதவீதத்துக்குள் இருந்தால் கவலையில்லை. அதற்கு மேல் நிலையாக இருந்தால் அழுகல் தொடங்கியிருக்கலாம், உளியால் குத்திப் பார்க்க வேண்டும். உத்திரத்தின் நடுப்பகுதி கல் மாதிரி இருக்கும், முனை ரஸ்க் மாதிரி உடையும். ஆகவே நடுவில் தட்டிப் பார்த்துவிட்டு நல்ல மரம் என்று இறங்கிவிடாதீர்கள்.

சுவரில் ஓதம் (ஈரம் ஊறிய கறை) எந்த உயரத்தில் நிற்கிறது என்று குறியுங்கள். தரையிலிருந்து மூன்றடிக்குள் ஒரே மட்டமாக நின்றால் மண்ணிலிருந்து ஏறுகிறது. மேலிருந்து வழிந்த தடம் என்றால் கூரை அல்லது பீலி (கூரை விளிம்பில் மழைநீரைப் பிடிக்கும் வாய்க்கால்). அறை மூலையிலும் பீரோவுக்குப் பின்னாலும் மட்டும் கறுத்திருந்தால் அது உள்காற்றின் ஈரம் குளிர்ந்த சுவரில் படிவது. மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. "வாட்டர்ப்ரூஃப் அடிச்சுடலாம் சார்" என்று மூன்றுக்கும் ஒரே மருந்து சொல்கிறவரை அனுப்பிவிடுங்கள்.

கொட்டகையிலோ பின்கட்டிலோ சாம்பல் நிற ஆஸ்பெஸ்டாஸ் தகடு இருந்தால் அதை அறுக்கவோ துளை போடவோ விடாதீர்கள். மாற்றியே ஆக வேண்டும் என்றால் நனைத்து, முழுத் தகடாக, தூசி வடிக்கும் முகக்கவசத்தோடு இறக்க வேண்டும். எங்கே ஒப்படைப்பது என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் எழுதிக் கேளுங்கள். எஸ்டேட் பள்ளத்தில் தள்ளிவிடுவது இங்கே வழக்கமாக இருக்கிறது, அது அடுத்த ஓடையில் போய்ச் சேரும்.

5. தண்ணீரை முதலில் வெளியே அனுப்புங்கள்

பட்ஜெட்டில் முதல் ரூபாய் பீலிக்கு. பங்களாவைச் சுற்றி ஓடும் பீலியும் இறங்கு குழாயும் பெரும்பாலும் சில்வர் ஓக், யூகலிப்டஸ் இலையால் அடைந்திருக்கும், அல்லது எப்போதோ உடைந்து சுவரிலேயே ஊற்றிக்கொண்டிருக்கும். மழைக்கு முன்னும் மழைக்கு நடுவிலும் சுத்தம் செய்ய ஏணி வைக்கிற இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஏற முடியாத பீலியை யாரும் சுத்தம் செய்ய மாட்டார்கள்.

அடுத்தது சுவரைச் சுற்றியுள்ள மண். வருடக்கணக்கில் பூப்பாத்தி போட்டுப் போட்டு மண் மட்டம் ஏறியிருக்கும், போதாததற்கு மேலே சிமென்டுத் தளமும் போட்டிருப்பார்கள். உள்தரை மட்டத்துக்கு 150 மி.மீ. கீழே வரை மண்ணை இறக்கி, சுவரிலிருந்து விலகிச் சரிவு கொடுத்து, ஓரத்தில் ஜல்லி நிரப்பிய ஓடை வெட்டுங்கள். மேட்டுப் பக்கச் சுவருக்கு இது கட்டாயம், மலையிலிருந்து இறங்கும் நீர் அங்கேதான் முட்டும். ஒரே நேரத்தில் முழு நீளமும் தோண்டாதீர்கள். அஸ்திவாரம் ஆழம் குறைவு, ஆறடி ஆறடியாகப் போங்கள்.

ஓடு மாற்றும்போது நல்ல மங்களூர் ஓடுகளை இறக்கித் தேய்த்துத் திரும்பப் பயன்படுத்தலாம். உடைந்தவற்றுக்குப் பதில் பழைய கட்டடம் இடித்த இடத்தில் வாங்குங்கள். ஆனால் முத்திரை பார்த்து வாங்குங்கள், கம்பெனிக்குக் கம்பெனி பூட்டுவாய் அளவு மாறும். தேவைக்கு மேல் ஐம்பது ஓடு வாங்கி வையுங்கள். ஓட்டின் அடியில் ஃபோம் ஸ்ப்ரே அடித்தால் சூடு நிற்கும் என்று விற்பார்கள். அடித்தால் கைமரம் மூச்சு விடாமல் அழுகும், ஒழுகல் எங்கே என்றே தெரியாது, ஓட்டைத் திரும்ப எடுக்கவும் முடியாது. அதைவிட மச்சுத் தரையில் 100 மி.மீ. ராக்வூல் (சூடு காக்கும் கல்லிழைப் பஞ்சு) விரித்து, மச்சின் காற்றுப்போக்கை அப்படியே விடுவது மலிவும் நல்லதும்.

கூரைத் தண்ணீரை வீணாக்காதீர்கள். குன்னூரில் கோடையில் குழாய்த் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வரும் என்று பக்கத்து வீட்டில் கேட்டால் ஏன் என்று புரியும். முதல் மழையைக் கழித்துவிட்டுத் தொட்டிக்கு அனுப்பினால் கழிப்பறைக்கும் தோட்டத்துக்கும் போதும். தொட்டி மூடிக்குப் பூட்டு வேண்டும், குரங்கு திறந்துவிடும்.

6. சுவர்: சிமென்டு வேண்டாம்

இந்தச் சுவர்கள் சுண்ணாம்பிலோ மண்ணிலோ கட்டியவை. ஈரத்தை இழுக்கும், வெயில் வந்தால் வெளியே விடும். அதன் மேல் சிமென்டு பூசினால் வெளியேறும் வழி அடைபடுகிறது. ஈரம் பூச்சுக்குப் பின்னால் தங்கி மேலே ஏறும். மூன்றடியில் நின்ற ஓதம் ஐந்தடிக்குப் போகும். உப்பு பூக்கும், பூச்சு பாளமாகக் கழன்று விழும்போது பழைய செங்கல்லின் முகத்தையும் பிய்த்துக்கொண்டு வரும். பிளாஸ்டிக் எமல்ஷன் பெயின்டும் இதே வேலையைத்தான் கொஞ்சம் மெதுவாகச் செய்கிறது.

செய்யும் முறை: ஓதம் ஏறிய உயரத்துக்கு மேல் ஓரடி வரை சிமென்டுப் பூச்சைக் கையால் கொத்தி எடுங்கள், பிரேக்கர் மெஷின் வேண்டாம். சுவரை ஒரு மாதமாவது வெறுமையாகக் காயவிடுங்கள். பிறகு நீற்றி ஊறவைத்த சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு. மழை அடிக்கும் வெளிச்சுவருக்கு சுண்ணாம்பு ஒன்று, செங்கல் தூள் ஒன்று, மணல் இரண்டு. சுண்ணாம்பு குறைந்தது இரண்டு வாரம் தண்ணீரில் ஊற வேண்டும். சரியாக நீறாத துணுக்கு சுவரில் ஏறிய பிறகு உப்பி வெடிக்கும். ஒரு படை 10 மி.மீ., அடுத்த படைக்கு ஒரு வாரம் இடைவெளி. அதுவரை ஈரச்சாக்கு தொங்கவிட்டு மெதுவாகக் காயவைக்க வேண்டும். மேலே சுண்ணாம்பு வெள்ளை அல்லது சிலிகேட் பெயின்ட்.

கொத்தனாரிடம் முதலில் நாலடிக்கு நாலடி மாதிரி பூசச் சொல்லி, மூன்று வாரம் கழித்து நகத்தால் சுரண்டிப் பாருங்கள். பூச்சு சீக்கிரம் இறுக "ஒரு சட்டி சிமென்டு" கலப்பது கொத்தனார்களின் கைப்பழக்கம். கலவை போடும் இடத்தில் சிமென்டு மூட்டையே இருக்கக்கூடாது என்று சொல்லிவிடுங்கள்.

பழைய கதவு, ஜன்னல் பெயின்டை உலர்வாகத் தேய்க்க விடாதீர்கள். பெயின்டில் ஈயத்துக்கு 90 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 90 பங்கு) வரம்பு நடைமுறைக்கு வந்ததே 2017இல்தான். அதற்கு முந்தைய படலம் எல்லாவற்றிலும் ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு, நனைத்துத் தேய்த்து, கழிவைத் தார்ப்பாயில் சேர்த்து எடுங்கள்.

7. மரத்தரை தாங்குமா

வீட்டுத் தரைக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ, அலுவலகத்துக்கு 250 முதல் 400, கோப்பு அறைக்கு 500 என்பது இந்தியத் தரக் கணக்கு. பங்களாத் தரை இதில் வீட்டுத் தரை வகை. ஆகவே கோப்பு பீரோ, யு.பி.எஸ். பேட்டரி, காகித மூட்டை எல்லாம் கெட்டித்தரை உள்ள பின்கட்டுக்குப் போகட்டும். மரத்தரையில் வைத்தே ஆக வேண்டியதைச் சுவரோரமாக, தரைக்கு அடியில் ஓடும் சட்டங்களுக்குக் குறுக்காக வையுங்கள்.

தரைக்கு அடியில் காற்று ஓட வெளிச்சுவரின் அடியில் இரும்புக் கிராதி போட்ட துளைகள் இருக்கும். பாம்பு வரும், எலி வரும் என்று யாராவது அடைத்திருப்பார்கள். திறந்து மெல்லிய கம்பி வலை அடியுங்கள். இவ்வளவு செய்தாலே பல தரைகளில் வாடை போய்விடும். கறையானுக்கு மண்ணில் மருந்து ஊற்றுவதற்கு முன் ஈரத்தை நிறுத்துங்கள். மரத்துக்குப் போரேட் கரைசல் தடவுவது ஆட்கள் உட்காரும் அறைக்குப் பாதுகாப்பானது.

8. காற்று: இங்கே அதிகம் ஏமாறும் இடம்

மலைக்காற்று சுத்தம், உண்மைதான். ஆனால் குளிருக்கு எல்லோரும் ஜன்னலை அடைத்துக்கொள்கிறார்கள். 20 அடிக்கு 15 அடி, 12 அடி உயர அறையில் ஆறு பேர் உட்கார்ந்து முழுக்க அடைத்தால், கரியமில வாயு ஒரு மணி நேரத்தில் 1,400 பி.பி.எம். தாண்டும். பதினொரு மணிக்கு வரும் தலைபாரத்துக்கும் கொட்டாவிக்கும் காரணம் இதுதான், டீ குடித்தால் போகாது. 1,000க்குள் வைப்பது குறி.

அளக்க ஒரு மீட்டர் வாங்குங்கள். அகச்சிவப்பு உணரி உள்ளதாக இருக்கட்டும், மலிவு மீட்டர்கள் சும்மா ஊகிக்கும். இங்கே ஒரு கண்ணி உண்டு. ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதைவிட ஏறக்குறைய கால் பங்கு குறைவு. மீட்டரில் உயரத்தைப் பதியாவிட்டால் அளவைக் குறைத்துக் காட்டும். வெளியே எடுத்துப்போய் வையுங்கள். 420, 430 காட்ட வேண்டும். 330 காட்டினால் உயரத் திருத்தம் செய்யவில்லை என்று பொருள், உள்ளே அது காட்டும் 900ஐ நம்பாதீர்கள்.

ஆளுக்கு நொடிக்கு 10 லிட்டர் வெளிக்காற்று என்று கணக்கிடுங்கள். மேலே சொன்ன அறைக்கு இது மணிக்கு இரண்டு முறை முழுக் காற்றும் மாறுவது. கணப்பின் புகைக்கூண்டு இதற்கென்றே அமைந்த மாதிரி இருக்கும், சூடான காற்று தானாக மேலே போகும். பறவைக்கூட்டையும் கரியையும் வாரி, உச்சியில் மழைமறைப்பும் வலையும் போட்டு, கீழே மூடி திறக்கும் கிராதி வையுங்கள். கூண்டைச் செங்கல் வைத்து நிரந்தரமாக அடைக்காதீர்கள். உள்ளே மழைநீர் தங்கிச் சுவரில் பழுப்புக் கறை இறங்கும். எதிர்ச்சுவரில் ஜன்னல் மேல்சட்டத்தில் சிறு காற்றுத்துளை. அதுவும் போதவில்லை என்றால் பின்ஜன்னலின் ஒரு கண்ணாடியைக் கழற்றி, அந்த இடத்தில் சத்தமில்லாத எக்ஸாஸ்ட் ஃபேன்.

ஈரப்பதம் 40 முதல் 60 சதவீதத்துக்குள் இருக்கட்டும். மழைக்காலத்துக்கு ஈரமுறிஞ்சி மெஷின் வாங்குவீர்கள். கடையில் முதலில் காட்டுவது கம்பிரசர் வகை. 15 டிகிரிக்குக் கீழே அதன் வேலை பாதியாகும், சுருளில் பனி பிடிக்கும். ஊட்டிக்கு, ஈரம் உறிஞ்சும் வேதிப்பொருளில் இயங்கும் டெசிகன்ட் வகை கேளுங்கள். குன்னூருக்குக் கம்பிரசர் வகை ஓடும்.

கரி அடுப்பு, புகை வெளியேறக் குழாய் இல்லாத கேஸ் ஹீட்டர் இரண்டையும் அறைக்குள் அனுமதிக்காதீர்கள். அடைத்த அறையில் கரி மூட்டித் தூங்கி இறந்தவர்களைப் பற்றி மலையூர்களில் செய்தி வந்துகொண்டுதான் இருக்கிறது. கணப்பில் விறகு எரிப்பீர்கள் என்றால் கார்பன் மோனாக்சைடு அலாரம் அறைக்கு ஒன்று.

9. மின்சாரமும் சூடும்

பழைய மரப்பட்டி வயரிங்கை முழுக்க எடுத்துவிடுங்கள், ஒட்டுப்போட வேண்டாம். பல பங்களாக்களில் எர்த் என்பதே இருக்காது. சுண்ணாம்புச் சுவரை வெட்டிக் குழாய் புதைக்காமல், சுவர் மேலேயே இரும்பு அல்லது செம்புக் குழாயில் ஒழுங்காக ஓட்டுங்கள். பார்க்கவும் பழைய கட்டடத்துக்குப் பொருந்தும். விளக்குக்கு 1.5, சாதாரண பிளக்குக்கு 2.5, ஹீட்டர் பிளக்குக்கு 4 சதுர மி.மீ. செம்பு ஒயர். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் தானே துண்டிக்கும் சுவிட்ச்), புதிதாக எர்த் குழி, மெயின் போர்டில் இடி மின்னலுக்கு சர்ஜ் தடுப்பான். இந்தக் கடைசியை விட்டவர்கள் ஒரு கோடை இடியில் ரவுட்டரையும் கம்ப்யூட்டரையும் சேர்த்தே இழந்திருக்கிறார்கள்.

ஈ.பி. இணைப்பு வீட்டுக் கட்டணத்தில் இருந்தால் வேலை தொடங்கும்போதே வணிகக் கட்டணத்துக்கு மாற்றவும் லோடு கூட்டவும் விண்ணப்பியுங்கள். வீட்டு இணைப்பில் ஆபீஸ் நடத்திப் பிடிபட்டால் முந்தைய மாதங்களுக்கும் சேர்த்து அபராதக் கணக்கு வரும்.

லோடு எவ்வளவு? இங்கே கணக்கைத் தீர்மானிப்பது ஹீட்டர். 2,000 வாட் ஆயில் ஹீட்டர் ஆறு மணி நேரம் ஓடினால் 12 யூனிட். யூனிட் 10 ரூபாய் என்றாலே நாளுக்கு 120, நான்கு அறைக்கு 480. அறை முழுவதையும் சூடாக்குவதை விட்டு, ஆளைச் சூடாக்குங்கள். மேசைக்கடியில் 60 முதல் 100 வாட் வெப்பப் பலகை, தரையில் சணல் விரிப்பு, ஜன்னலுக்குக் கனத்த திரை. மரச்சட்ட ஜன்னலைப் பிடுங்கி யு.பி.வி.சி. (பிளாஸ்டிக் சட்டம்) போடுவதைவிட, உள்பக்கம் இரண்டாவது கண்ணாடிச் சட்டம் திருகினால் குளிரும் நிற்கும், காலி செய்யும்போது கழற்றவும் முடியும். அறை சூடு வேண்டும் என்றால் சூடும் குளிரும் தரும் இன்வெர்ட்டர் ஏ.சி. அதே சூட்டை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மின்சாரத்தில் தரும். அதன் வெளி யூனிட்டை முகப்புச் சுவரில் மாட்டாதீர்கள்.

மழையில் மரம் விழுந்தால் மின்சாரம் மணிக்கணக்கில் வராது. ஜெனரேட்டர் வாங்கினால் இந்த உயரத்தில் சாதாரண டீசல் எஞ்சின் ஐந்தில் ஒரு பங்கு வரை சக்தி இழக்கும், அதற்கேற்பப் பெரிதாக வாங்க வேண்டும். லித்தியம் பேட்டரியும் இன்வெர்ட்டரும் தொல்லை குறைவு. சோலார் ஜனவரி முதல் ஏப்ரல் வரை நன்றாகத் தரும், பனிமூட்ட மாதங்களில் பாதிகூட எதிர்பார்க்காதீர்கள்.

கல்சுவர் வைஃபையை விழுங்கும். அறைக்கு ஒரு அக்சஸ் பாயின்ட், கேபிள் சுவரடிப் பலகைக்குப் பின்னால்.

10. பலகை, மேசை, சமையலறை

எம்.டி.எஃப்., பார்ட்டிக்கிள் போர்டு மாதிரி மரத்தூளை அழுத்திச் செய்த பலகைகள் வேண்டவே வேண்டாம். ஒரு மழைக்காலத்தில் ஓரம் உப்பிவிடும், அதோடு மூடிய அறையில் ஃபார்மால்டிஹைடு வாடையும் விடும். ஐ.எஸ். 710 (தண்ணீர் தாங்கும் தரம்) பிளைவுட்டில் ஈ0 அல்லது ஈ1 (ஃபார்மால்டிஹைடு குறைவாக விடும் தரம்) முத்திரை கேளுங்கள், பில்லிலும் எழுதச் சொல்லுங்கள். அதைவிட நல்லது பழைய மர டிப்போவில் கிடைக்கும் கதவுப் பலகைகள். காய்ந்து முடிந்த மரம், இனி முறுக்காது. உண்ணிச்செடிக் குச்சியில் செய்த நாற்காலி, தடுப்புகளையும் பாருங்கள். காட்டை மூடும் களைக்கு அப்படியாவது ஒரு பயன்.

எந்தப் பீரோவையும் வெளிச்சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள், மூன்று நான்கு அங்குலம் விடுங்கள். 20 டிகிரி, 60 சதவீத ஈரமுள்ள அறைக்காற்று 12 டிகிரி குளிர்ந்த பரப்பில் பட்டாலே நீர் கோத்துக்கொள்ளும். ஜனவரி இரவில் வெளிச்சுவர் அதைவிடக் குளிர்ந்துவிடும்.

ஜன்னல்கள் சிறியவை, மேசையை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் போடுங்கள். மேசைமட்டத்தில் 300 முதல் 500 லக்ஸ் (வெளிச்சத்தின் அளவு) போதும், மிச்சத்தை மேசை விளக்கு பார்த்துக்கொள்ளட்டும்.

சமையலறைக் கதவுக்கு நல்ல தாழ்ப்பாள் போடுங்கள். கோத்தகிரி, குன்னூர் பக்கம் எண்ணெய், இனிப்பு வாசனைக்குக் கரடி கதவை உடைத்து வரும். குப்பைத்தொட்டி இரவில் வெளியே இருக்கக்கூடாது.

11. பணத்தைப் பிரிப்பது

கூரை, வடிகால், சுவருக்குப் பாதி. மின்சாரத்துக்குக் கால் பங்கு. மற்ற எல்லாவற்றுக்கும் மிச்சம். இப்படிப் பிரித்தால் திட்டம் தப்பிக்கும். தலைகீழாகப் பிரித்தவர்கள் இரண்டாம் வருடம் மறுபடி செலவழிக்கிறார்கள். இதற்கு வெளியே 20 சதவீதம் தனியாக வையுங்கள், தரைப்பலகையைத் தூக்கியதும் அது தேவைப்படும். மேற்கோள் வாங்கும்போது மேட்டுப்பாளையத்திலிருந்து ஏற்றுக்கூலி, ஆட்களுக்குத் தங்குமிடம், 18 சதவீத ஜிஎஸ்டி மூன்றும் சேர்ந்ததா என்று எழுதிக் கேளுங்கள். சுண்ணாம்பு வேலையைச் சதுர அடிக் கணக்கில் விடாதீர்கள், நாள்கூலிக்கு விடுங்கள். சதுர அடிக்கு விட்டால் படைக்கு நடுவில் ஒரு வாரம் யாரும் காத்திருக்க மாட்டார்கள்.

12. குடியேறிய பிறகு

முதல் மழைக்காலத்தில் புதுப்பூச்சில் இன்னும் கொஞ்சம் உப்பு பூக்கும். உலர்ந்த பிரஷால் தட்டி எடுங்கள், தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு திரும்ப உள்ளே போகும். மே கடைசியிலும் செப்டம்பர் கடைசியிலும் பீலி, ஓடு, தரைக்கடித் துளை மூன்றையும் பார்க்க ஒரு ஆளுக்கு வருடக் கூலி பேசி வையுங்கள். ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். வாங்கி வைத்த ஐம்பது ஓட்டையும் மச்சில் ஏற்றாதீர்கள், பின்கட்டில் அடுக்குங்கள். மழையில் வழுக்கும் ஏணியில் ஏறுகிறவர் கைக்கு அவை அங்கேதான் எட்டும்.